நீச்சல் தாத்தா எந்தக் கரைக்கு நீந்தினார்?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

என் போன் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபால்காரரை நம்பி இதை எழுதுகிறேன். பயப்படாதே, பல்லைப் பற்றிப் பேச வரவில்லை. இரண்டு வருஷமாக அதைப் பேசியாகிவிட்டது. உன் வாயில் நான் பிடுங்கியதும் கெட்ட பல்தான். கெட்டுப்போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிடுங்கிவிட்டேன், அவ்வளவுதான். முப்பது வருஷம் பல் டாக்டராக இருக்கிறவனுக்கு இது தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, ஜூன் மாதம் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது. ஆயிரத்து இருநூறு பேரை அழைக்கிறேன். மாப்பிள்ளை மாட்டு டாக்டர். நல்ல பையன், அதிகம் பேசமாட்டார். நிச்சயத்தன்று அவரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். வெயில் காரணமாக இருக்கும்.

மண்டப வாசலில் பன்னிரண்டு அடிக்கு ஒரு பலகை வைக்கப்போகிறேன். நம் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கை வரலாறு! இடது பக்கம் நீச்சல் தாத்தா, வலது பக்கம் அதே வருஷம் உலகத்தில் என்ன நடந்தது என்று. ஒரு மனிதரை அவருடைய காலத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அவருடைய உயரம் தெரியும். மாதிரிக்குச் சில:

1903: விமானம் முதன்முதலாகப் பறந்தது. தாத்தா நடக்க ஆரம்பித்தார்.

1918: உலகப் போர் முடிந்தது. தாத்தாவின் படிப்பும் முடிந்தது.

1969: மனிதன் நிலவில் கால் வைத்தான். தாத்தா குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார்.

எப்படி இருக்கிறது? படித்த அச்சகக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

நடுவில் பெரிய எழுத்தில் வரவேண்டியது கல்யாணம்தான். பெருவெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடந்து வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டாரே, அது எந்த வருஷம் என்று நம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் 'வெள்ள வருஷம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நீதான் குடிநீர் வாரியத்தில் பெரிய பொறியாளர். உன் நீரேற்று நிலையத்துச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரமெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்களே, பார்த்துச் சொல்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடது பக்கத்தால்தான் சாப்பிடுகிறேன். வலது பக்கத்தில் நீ செய்த வேலை அப்படி.

பலகை பிரமாதம். நிலவில் கால் வைத்ததற்கும் குளியலறையில் கால் உடைந்ததற்கும் உள்ள தொடர்பை இதுவரை எந்த வரலாற்று அறிஞரும் கவனிக்கவில்லை.

சுவரைப் பார்த்தேன். இந்த ஊரில் அந்தக் காலத்தில் வந்த பெருவெள்ளம் ஒன்றுதான். 1926, செப்டம்பர். என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு மனிதர் நீந்தினார் என்றால், தம்பி, அது சாதாரணக் காரியமில்லை. எனக்கே கொஞ்சம் புல்லரித்தது. உன்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரே ஒரு சந்தேகம். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு நீந்தினார்? இதையும் எழுது. ஆற்றின் வேகத்தை வைத்து எவ்வளவு தூரம் அடித்துக்கொண்டு போயிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. தொழில் புத்தி.

மருமகளுக்கு என் ஆசிகள். அவள் நம்பரை நான் பிளாக் செய்யவில்லை.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இதென்ன கேள்வி? நம் பரம்பரை வீடு கிழக்குக் கரையில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டி படகுத்துறைக்காரர் மகள். படகுத்துறை மேற்குக் கரையில். மாப்பிள்ளை வீடு கிழக்கே, பெண் வீடு மேற்கே. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் இப்போது பேசுகிற நிலையில் இல்லை. மாட்டு டாக்டர் நேற்று மகளிடம், கல்யாணத்தை இரண்டு மாதம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். காரணம் கேட்டால் 'ஒன்னுமில்ல, சும்மாதான்' என்கிறாராம். சும்மா யாராவது கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்களா? அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது! மகளைக் கேட்டால், "அப்பா, அவருக்கு டயம் வேணும்ப்பா. குடுங்களேன்" என்கிறாள்.

நான் விடவில்லை. உடனே போனில் கூப்பிட்டு நீச்சல் தாத்தா கதையை முழுசாகச் சொன்னேன். "வெள்ளத்துல ஊரே முங்கிக் கிடக்கு. பாலம் இல்ல, படகு இல்ல. ஒரு மனுஷன் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நீந்தி வந்து கல்யாணம் பண்ணாரு. உங்களுக்கு ஏசி கார் அனுப்புறேன், மாப்ள. ஏறி உக்காந்தா போதும்" என்றேன்.

மறுமுனையில் ஒரு மாடு கத்தியது. "அப்புறம் பேசுறேன் மாமா" என்று வைத்துவிட்டார்.

பலகையில் அந்த வரியைச் சிவப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தினமும் ஒரு தடவை அந்தக் கதையை அவருக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

தினமும் சொல்லாதே. கொஞ்சம் பொறு. இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

கணக்குப் போடலாம் என்று உட்கார்ந்தேன். எந்த இடத்தில் ஆற்றில் இறங்கியிருப்பார் என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கரைக்குப் போய்ப் பரம்பரை வீட்டு வாசலில் நின்றேன். நிலைப்படிக்கு மேலே கல்லில் வருஷம் செதுக்கியிருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயசில் நீ பந்தடித்து ஒரு மூலையைப் பெயர்த்தாய். 1931 என்று இருக்கிறது. வெள்ளத்துக்கு ஐந்து வருஷம் பிறகு கட்டிய வீடு.

சரி, அதற்கு முன்னால் கிழக்கே வேறு வீட்டில் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் பாலம் திறந்தது 1930-ல். பாலம் வந்த பிறகுதான் கிழக்குக் கரைக்கு மனிதர்களே குடிபோனார்கள். எங்கள் வாரியம் அந்தப் பக்கம் முதல் குழாய் போட்டதே அதற்கப்புறம்தான். 1926-ல் அங்கே ஒரு பழைய செங்கல் சூளையும், ஆள் உயரப் புல்லும், பாம்பும்தான். தாத்தாவுடைய அப்பாவின் மரக்கடை மேற்குக் கரையில், படகுத்துறைக்கு அடுத்த தெருவில் இருந்தது. இது ஊருக்கே தெரியும். இப்போதும் அந்த இடத்தை 'மரக்கடை முக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, மாப்பிள்ளை வீடும் மேற்கே. பெண் வீடும் மேற்கே. நடந்து போனால் ஒரு காபி ஆறுவதற்குள் போய்விடலாம்.

அப்படியென்றால் தாத்தா எதற்காக ஆற்றில் இறங்கினார்?

மருமகள் நேற்று ராத்திரி பேசினாள். அழவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். "அத்தை, அப்பா அவருக்குத் தாத்தா கதையச் சொல்லிச் சொல்லி, அவரு இப்ப என் போனயே எடுக்க மாட்டேங்கிறாரு" என்றாள். இது விளையாட்டு விஷயமில்லை, தம்பி.

அடுத்த வாரம் சின்னத்தாத்தாவைப் போய்ப் பார்க்கிறேன். நீச்சல் தாத்தாவின் கடைசி மகன், இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே பிள்ளை. அவரிடம் நாம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உனக்கு என் மேல் கோபம் இருக்கலாம். தாத்தா மேல் என்ன கோபம்? அவரா உன் பல்லைப் பிடுங்கினார்?

அவர் மேற்கிலிருந்து கிழக்கே நீந்தியிருந்தால் அதற்கும் தக்க காரணம் இருந்திருக்கும். ஒருவேளை வெள்ளத்தில் யாரையாவது காப்பாற்றப் போயிருக்கலாம். மரக்கடையிலிருந்து நல்ல மரம் ஏதாவது மிதந்து போயிருக்கலாம், அதைப் பிடிக்கப் போயிருக்கலாம். கல்யாணத்தன்று காலையில் உடம்பு சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நீந்தியிருக்கலாம். ஏன், நம் குடும்பத்தில் காலை நடை போகிறவர்கள் இல்லையா?

சின்னத்தாத்தாவுக்குக் காது கேட்காது. எண்பத்தொன்பது வயசு. அவர் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. போன தடவை என்னைப் பார்த்து, "நீ பேங்க்லதான இருக்கே?" என்று கேட்டார்.

பலகைக்குச் சிவப்பு பெயின்ட் வாங்கியாகிவிட்டது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

சின்னத்தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை, உண்மை. ஆனால் வாய் நன்றாகப் பேசுகிறது. நான் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "உன் தம்பி பேங்க்ல எப்படி இருக்கான்?" என்றார். நல்லா இருக்கான் என்றேன்.

காகிதத்தில் பெரிய எழுத்தில், 'கல்யாணத்தன்று உங்கள் அப்பா ஏன் நீந்தினார்?' என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மறுபடி சிரித்து, ஓய்ந்தார். பிறகு சொன்னார்:

"கல்யாணத்துக்கா நீந்துனாரு? கல்யாணத்துலருந்து நீந்துனாரும்மா!"

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று எழுதிக் காட்டினேன். "யாரு கேட்டீங்க? நீங்கபாட்டுக்கு நீச்சல் தாத்தா, நீச்சல் தாத்தான்னு கொண்டாடிக்கிட்டு இருந்தீங்க. சந்தோஷமா இருந்துச்சு. நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்றார்.

நடந்தது இதுதான். தாத்தாவுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒரே ஊர், பார்த்துப் பழகிய முகம். ஆனால் கூட்டம் என்றால் அவருக்கு ஆகாது. கடையில் நாலு பேர் சேர்ந்து வந்தாலே பின்கட்டுக்குப் போய்விடுவாராம். அவருடைய அப்பாவோ ஊர் முழுக்க அழைத்துவிட்டார். (உனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று நான் கேட்கப்போவதில்லை.) கல்யாணத்துக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது, ஆறு ஏறியது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு ஏறி வந்தவர்களும் கல்யாண வீட்டில்தான் வந்து உட்கார்ந்தார்கள். தாத்தா கைகால் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். மரக்கடைப் பிள்ளைக்கு மிதக்கச் சொல்லித் தரவேண்டுமா? ஆறு அவரைக் கிழக்கே கொண்டுபோய்ச் செங்கல் சூளைப் பக்கம் ஒதுக்கிவிட்டது. ராத்திரி முழுக்கச் சூளை மேல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. இங்கே இரண்டு வீட்டிலும் ஒரே சத்தம். மானம் போச்சு, மரியாதை போச்சு என்று கத்தல். கொள்ளுப்பாட்டி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தன் அப்பாவின் படகை அவிழ்த்துக்கொண்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு, தனியாகக் கிளம்பிவிட்டார். படகுத்துறையில் பிறந்து வளர்ந்த பெண் அல்லவா.

சூளைக்குக் கீழே படகை நிறுத்தி, ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாராம்:

"என்னையப் புடிக்கலியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்கு ஓடி வந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா?"

"உன்னையப் பாத்து இல்ல. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

பாட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நான் மட்டும் பாத்தா?" என்று கேட்டார்.

"நீ மட்டும்னா பரவால்ல."

"அப்ப ஏறுங்க."

இதை இருவரும் அறுபது வயசுக்கு மேலும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சண்டை போடுவார்களாம். அதனால்தான் சின்னத்தாத்தாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரிந்திருக்கிறது.

இதை உன் மாட்டு டாக்டரிடம் போய்ச் சொல். பலகையில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. முக்கியமாக மூன்றாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

படகில் ஏறிய பிறகு என்ன நடந்தது என்று நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். படிக்காதவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

படிக்காத கடிதத்துக்குப் பதில்:

படகு மேற்குக் கரைக்கு வந்ததும் இரண்டு அப்பாக்களும் கம்போடு நின்றார்கள். பாட்டி படகிலேயே நின்றுகொண்டு, "கல்யாணம் ரெண்டு மாசம் கழிச்சு. இருவது பேரு போதும். ஒத்துக்கிட்டா எறங்குறோம். இல்லன்னா இப்படியே திரும்பிப் போறோம்" என்றார். துடுப்பு அவர் கையில் இருந்தது. ஒத்துக்கொண்டார்கள். ஆக, தாத்தாவின் கல்யாணம் செப்டம்பரில் நடக்கவில்லை. நவம்பரில் நடந்தது. நாம் இத்தனை வருஷமாக அவர் ஓடிப்போனதைத்தான் கல்யாணக் கதையாகக் கொண்டாடி வந்திருக்கிறோம்.

பாலம் திறந்ததும் கிழக்கே நிலம் மலிவாக வந்தது. பாட்டிதான் அந்தச் சூளையை வாங்கச் சொன்னாராம். "அங்கயே வீட்டக் கட்டுங்க. இனிமே ஓடுறதுன்னா எங்க ஓடுவீங்கன்னு பாக்குறேன்." நாம் பிறந்து வளர்ந்த வீடு, தம்பி, தாத்தா ஒளிந்துகொண்ட இடம்.

இது தெரிந்த பிறகு எனக்கு அவரை முன்பைவிடப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இருந்தாலும் கடிதமே எழுது. போனில் நீ நடுவில் மூச்சு விடுவதில்லை.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

போயிருந்தேன். மாப்பிள்ளையின் மாட்டு ஆஸ்பத்திரிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல்தான் போனேன். பெரிய மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "இதுக்கு அஞ்சு வயசு இருக்கும், மாமா" என்றார். பல்லைப் பார்த்து வயசு சொல்கிறார்! அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு ஒரு தொழில் மரியாதை வந்துவிட்டது.

அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், மறுபடி நீச்சல் கதைதான் என்று நினைத்துவிட்டார் என்று தெரிந்தது. ஆமாம், நீச்சல் கதைதான் என்றேன். ஆனால் இந்தத் தடவை தலைகீழாகச் சொன்னேன். சூளை, படகு, 'நான் மட்டும் பாத்தா?' எல்லாம். நடுவில் நானே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மாட்டுக் கொட்டகைத் தூசி.

அவர் அப்படியே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மாமா, எனக்கு உங்க பொண்ணப் புடிக்கும். ஆயிரத்து இருநூறு பேர நெனச்சாத்தான் எங்கயாச்சும் ஓடிரலாமான்னு தோணுது. மாடு ஆயிரம் வரட்டும், ஒன்னும் ஆகாது. மனுஷங்கன்னா..." என்றார்.

"ஏன் மாப்ள இத மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க மாமா பேச விட்டீங்க?"

நான் திரும்பி மாட்டைப் பார்த்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். அனுபவி.

கல்யாணம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. மகள் நாற்பது பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் நாற்பத்தொன்று என்றேன். முறைத்தாள். மண்டபத்தை விட்டுவிட்டோம், நம் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள்கிறோம். பன்னிரண்டு அடிப் பலகைக்கு மாடியில் இடமில்லை, நாலடியாகக் குறைத்தாயிற்று. குளியலறை வரியை எடுக்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். எடுக்கவில்லை.

நீ முன்னாலேயே வந்துவிடு. உன் இடது பக்கத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் குழையச் சமைக்கச் சொல்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

கோபப்படாதே. நான் வரமுடியாது.

மூன்று நாளாக விடாத மழை. நீரேற்று நிலையத்துக்குள் தண்ணீர் வரப் பார்க்கிறது. மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறோம். நான் இங்கிருந்து நகர்ந்தால் பாதி ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மேலிடத்தில் லீவு கேட்டேன், கொடுத்தார்கள், பிறகு நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற லாரி டிரைவர் நல்லவர். அவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு. அவரையும் சேர்த்தால் உன் நாற்பத்தொன்று கணக்குச் சரியாகிவிடும்.

மருமகளிடம் சொல். அவள் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை என்று வருத்தம் வேண்டாம். நடந்தது எல்லாவற்றையும் நீ ஒன்று விடாமல் எழுத வேண்டும். பூசி மெழுகாமல், நடந்தபடி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நடந்தபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இதை வேறு யாருக்கும் காட்டாதே.

மாப்பிள்ளை சரியான நேரத்துக்கு வந்தார், நின்றார், சிரித்தார். நாற்பது பேரில் முப்பது பேர் அவருக்குத் தெரிந்தவர்கள் என்பதால் மாடிப்படிப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் ரொம்ப அழகாக இருந்தாள். லாரி டிரைவர் மூன்று தடவை சாப்பிட்டார்.

பிறகு நான் பேச எழுந்தேன். உனக்குத் தெரியும், எனக்கு மேடை புதிதில்லை. பல் டாக்டர்கள் சங்கத்தில் என்னை உட்கார வைக்க மணி அடிப்பார்கள். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகியிருந்தேன். தாத்தா பிறந்ததில் தொடங்கி மகள் பிறந்தது வரை எல்லாம் வரிசையாக நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தேன். முன்னால் மகள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை வரவில்லை, அக்கா.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. மகள் சொல்லித்தான் தெரியும். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாடிப்படியை நோக்கி விறுவிறுவென்று நடந்திருக்கிறேன். பாதிப் படி இறங்கியபோது யாரோ பின்னாலேயே ஓடி வருகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை.

"மாமா, எங்க போறீங்க?"

"தெரியல, மாப்ள."

அவர் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. தைரியம் சொல்லவில்லை. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டு வேட்டி நனைந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை.

"நானும் வர்றேன் மாமா. ஒன்னா மேல போலாம். நீங்க எதும் பேச வேணாம்" என்றார்.

போனோம். நான் பேசவில்லை. மைக்கை அவர் வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், இந்தத் தடவை விழவில்லை. "எங்க மாமா நிறைய பேசணும்னு இருந்தாரு. முடியல. அது எனக்குப் புரியுது" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முழுப் பேச்சும் அதுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தம்பி